நாய்க்கு மருந்து, பூனைக்கு நஞ்சு

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது. பூனையும் நாலைந்து நாளாகக் கழுத்தைச் சொறிந்துகொண்டே திரிகிறது. ‘இதுக்கும் ரெண்டு சொட்டு வெச்சுவிட்டா என்ன?’ என்று வீட்டில் யாருக்காவது தோன்றும், வைத்தும் விடுவார்கள். சாயங்காலம் பூனையின் காது தானாகத் துடிக்கத் தொடங்கும். பாதத்தைத் தரையில் ஊன்றாமல் உதறும். வாயில் எச்சில் ஒழுகும். ராத்திரிக்குள் உடம்பெல்லாம் நடுக்கம், அப்புறம் வலிப்பு. எங்கேயோ விஷம் வைத்த எலியைத் தின்றிருக்கும், பூச்சி பொட்டு கடித்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காலையில் வைத்த இரண்டு சொட்டு மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது.

அந்தச் சொட்டில் இருப்பது பெர்மெத்ரின். நாயின் மேல் ஒட்டும் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கொல்லும். நாயை ஒன்றும் செய்யாது. பூனையைக் கொன்றுவிடும். ஆஸ்திரேலியாவில் கால்நடை மருத்துவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முந்தைய 2 ஆண்டுகளில் மட்டும் பெர்மெத்ரின் பட்டு வந்த பூனைகள் 750 என்று கணக்கு வந்தது. அவற்றில் 166 பிழைக்கவில்லை. 2007-ல், லண்டனில் உள்ள கால்நடை நஞ்சுத் தகவல் மையம் தன்னிடம் பதிவான 286 பூனைகளின் விவரத்தை அலசியது; பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் இறந்திருந்தன. பெட்டியின் மேலேயே எச்சரிக்கை அச்சடித்து விற்கும் நாடுகளின் கணக்கு இது. நம் ஊரில் இப்படிச் சாகும் பூனைகளில் பல, டாக்டரிடமே போய்ச் சேருவதில்லை.

வளர்ந்த, நல்ல ஆரோக்கியமான பூனையைத் தெள்ளுப்பூச்சி சாகடிப்பது அபூர்வம். சொறியும், முடி கொட்டும், சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாமல் முதுகெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பும். தொல்லைதான், ஆனால் இரண்டு நாள் பொறுக்கக்கூடிய தொல்லை. ஆகவே அவசரம் வேண்டாம்.

கல்லீரலில் இல்லாத ஒன்று

செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லியை மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்தவை பைரித்ராய்டுகள். பெர்மெத்ரின் அவற்றில் ஒன்று. கொசுவத்தி, கரண்டில் செருகும் கொசு மருந்து, எறும்புக்குக் கோடு போடும் சாக்கட்டி எல்லாம் ஒரே குடும்பம். சிரங்குக்குத் தோல் டாக்டர் எழுதித் தரும் களிம்பில்கூட 5% பெர்மெத்ரின் இருக்கிறது. இவை பூச்சியின் நரம்பில் உள்ள சோடியம் வாசல்களை மூடவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்துப் பூச்சி செத்துப்போகிறது.

நம் உடம்புக்குள்ளும் நாயின் உடம்புக்குள்ளும் போகும் இத்தகைய நஞ்சைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடு கட்டி, சிறுநீரில் தள்ளிவிடும். பூனையின் கல்லீரலில் இந்த வேலைக்கான நொதிகள் சில இல்லை, இருப்பவையும் மந்தம். அப்படி ஒரு நொதிக்கான மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடப்பதை 2000-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த இனத்துக்குச் செடி கொடிகளின் நஞ்சை முறிக்கும் தேவை இல்லாமல் போனதுதான் காரணம் என்பது அவர்கள் ஊகம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்வதும் இதே குறையால்தான்.

அளவைப் பாருங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டுகளில் அந்த மருந்து 45 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். 1 மில்லியில் 450 மில்லிகிராம். நாலரைக் கிலோ பூனை மேல் அந்த 1 மில்லி விழுந்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். உயிருக்கு ஆபத்தான அளவு. நம் தெருப் பூனைகளில் நாலரைக் கிலோ தேறுவதே கஷ்டம். மருந்தை நேரே வைக்கவேண்டும் என்றுகூட இல்லை. மருந்து வைத்த நாயோடு ஒட்டிப் படுத்தாலும், அதன் கழுத்தை நக்கினாலும் போதும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள் நாய்க்குப் பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குவதே நல்லது.

தவறிப் பட்டுவிட்டால் இதற்கென்று முறிமருந்து கிடையாது. ஆனால் நேரத்தோடு கொண்டுபோனால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. பூனை நினைவோடு, வலிப்பு இல்லாமல் இருந்தால் முதலில் மருந்தைக் கழுவி எடுக்கவேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம். வெந்நீர் ஊற்றினால் தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இறங்கும். பச்சைத் தண்ணீர் உடம்பைக் குளிரவைத்து நடுக்கத்தை அதிகமாக்கும். துவட்டி, துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும். வலிப்பு தொடங்கிவிட்டால் குளிப்பாட்ட நிற்கக்கூடாது. பால் ஊற்றுவது, வாந்தி எடுக்கவைப்பது எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்கும் ஊசி, சலைன், சில இடங்களில் ரத்தத்தில் கலந்த மருந்தை இழுத்துக்கொள்ளும் கொழுப்புத் திரவம் என்று போகும். இரண்டு மூன்று நாள் தாண்டினால் பொதுவாகப் பழையபடி எழுந்துவிடும்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பெட் ஷாப்பில் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும். “அண்ணே, பூனைக்கு உண்ணி மருந்து இருக்கா?” “எத்தனை கிலோ இருக்கும் தம்பி?” “ஒரு மூணு கிலோ.” “அப்ப இந்தச் சின்ன நாய்க்குள்ளத எடுத்துக்க, பாதி வெச்சாப் போதும்.” கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நாய் வளர்ப்பவர்கள். நாய்க்குப் பெரிய பிரச்சினை உண்ணி. உண்ணியை விரட்டத்தான் பெர்மெத்ரினைச் சேர்க்கிறார்கள். பூனைக்கு இங்கே உண்ணி ஏறுவது குறைவு. சொறிய வைப்பது தெள்ளுப்பூச்சி. இல்லாத தொல்லைக்கு மருந்து கேட்டு, ஒவ்வாத மருந்தை வாங்கி வருகிறோம்.

பெட்டியின் முன்பக்கத்துப் படத்தை நம்பவேண்டாம். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று ‘மெத்ரின்’ வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் பாட்டில்களில் டெல்டாமெத்ரின் இருக்கிறது. கிராமங்களில் அதையே பூனை மேலும் தடவுகிறார்கள். நாய்களின் சொறிக்குப் பயன்படும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. ‘மெத்ரின்’ கணக்கில் ஒரு விலக்கு உண்டு: செரெஸ்டோ என்ற கழுத்துப்பட்டையில் ஃப்ளூமெத்ரின் இருக்கும். அது பைரித்ராய்டுதான் என்றாலும் மிகக் கொஞ்சமாகக் கசியும்படி செய்திருப்பதால், 10 வாரம் தாண்டிய பூனைக்கு அனுமதித்திருக்கிறார்கள். அதிலும் பூனைக்கானது வேறு, நாய்க்கானது வேறு.

பூனைக்கென்றே தயாரித்த சொட்டுகளில் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட், செலாமெக்டின், ஃப்ளூராலனர் ஆகியவை அதிகம் புழங்குகின்றன. எல்லாம் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்காது. ஃபிப்ரோனிலோடு மெத்தோப்ரீன் சேர்ந்திருந்தால் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். செலாமெக்டின் காதுப் பூச்சியையும் சில வயிற்றுப் புழுக்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஃப்ளூராலனர் வகையின் பலன் இரண்டு மூன்று மாதம் நிற்கும். ஆனால் அந்த வகை மருந்துகள் சில பிராணிகளுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த பூனை என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெறும் தெள்ளுத் தொல்லை என்றால் நான் ஃபிப்ரோனிலுக்கோ செலாமெக்டினுக்கோதான் கை நீட்டுவேன். பல ஆண்டுகளாகப் புழங்கி, நல்லது கெட்டது தெரிந்துபோன மருந்துகள்.

வைக்கும் இடமும் முக்கியம். மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் முடியை இரண்டு விரலால் பிளந்தால் வெளுப்பாகத் தோல் தெரியும். அந்தத் தோலில் சொட்டு விழவேண்டும். முடியில் விழுந்தால் வீண். கொஞ்சம் கீழே தள்ளி வைத்தாலும் பூனையின் நாக்கு எட்டிவிடும். நக்கினால் கசப்பில் நுரை நுரையாக எச்சில் வடியும். பார்க்கப் பயமாக இருக்கும், பூனைக்கான மருந்தாக இருந்தால் சீக்கிரம் அடங்கிவிடும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. தோலின் எண்ணெயில்தான் அந்த மருந்து உடம்பெங்கும் பரவுகிறது. வீட்டில் முயலும் இருந்தால் ஃபிப்ரோனிலை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். முயலுக்கு அது நஞ்சு.

குட்டிக்கு வேறு கணக்கு

பெரிய பூனைக்குத் தொல்லையாக இருக்கும் தெள்ளு, குட்டிக்கு உயிர்ப் பிரச்சினை. பிறக்கும்போது 100 கிராம் சுமார் இருக்கும் பூனைக்குட்டி, வாரத்துக்கு 100 கிராம் வீதம் ஏறும். அந்தச் சின்ன உடம்பில் ஓடும் ரத்தமே சில தேக்கரண்டிதான். ஐம்பது அறுபது தெள்ளுகள் இரவும் பகலும் குடித்தால் குட்டி வெளிறி, பால் குடிக்கத் தெம்பில்லாமல் சுருண்டுவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கவேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் நேரம் இருக்கிறது. வெள்ளைத்தாள் நிறத்தில் இருந்தால் குளிப்பாட்டுவதெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.

வயதை மட்டும் பார்த்து மருந்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நிட்டென்பிராம் என்றொரு மாத்திரை இருக்கிறது. கொடுத்த அரை மணி நேரத்தில் தெள்ளுகள் உதிரத் தொடங்கும், 4 வாரக் குட்டிக்கே கொடுக்கலாம் என்பார்கள். அதே தாளில் எடை 900 கிராமாவது இருக்கவேண்டும் என்றும் போட்டிருக்கும். 4 வாரக் குட்டி அரைக் கிலோ தேறாது. 900 கிராம் வர இரண்டு மாதம் ஆகிவிடும். செலாமெக்டினை அமெரிக்காவில் 8 வாரத்திலிருந்து அனுமதிக்கிறார்கள், ஐரோப்பாவில் 6 வாரத்திலிருந்து. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துக் குட்டியை நிறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு, டாக்டர் வேறு சொல்லாதவரை, பேன்சீப்பும் சோப்புத் தண்ணீரும்தான் மருந்து. குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டதும் தெள்ளுகள் எல்லாம் காது, கண், மூக்குப் பக்கம் ஓடும். அதனால் முதலில் கழுத்தைச் சுற்றி வளையமாக நுரை போட்டு வழியை அடைத்துவிட்டுத்தான் உடம்புக்குப் போகவேண்டும். தலையை நனைக்கவேண்டாம். முகத்தில் நிற்பவற்றைச் சீப்பால் எடுக்கலாம். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கவேண்டும். வெறும் தண்ணீரில் போட்டால் தெள்ளு மிதந்து, குதித்துத் தப்பிவிடும். வேலை ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. துண்டால் ஒற்றி எடுத்து, மடியில் வைத்துச் சூடு பண்ணுங்கள். நனைந்த குட்டி வெயில் காலத்திலும் விறைத்துப்போகும்.

தாயை விட்டுவிட்டுக் குட்டியை மட்டும் சுத்தம் செய்தால் சாயங்காலமே பழைய கதை. பால் கொடுக்கும் தாய்க்கு எது ஆகும் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். செலாமெக்டின் போன்றவற்றை அந்த நிலையிலும் அனுமதித்திருக்கிறார்கள். குட்டிகள் படுக்கும் துணியைத் தினம் மாற்றுவது பாதி வேலையை முடித்துவிடும்.

தெள்ளா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். ஒரு நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது பூனையின் ரத்தம். மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும்.

கைவைத்தியம்

“கெமிக்கலே வேண்டாம், இயற்கையா ஏதாவது சொல்லுங்க” என்று கேட்பவர்கள் அதிகம். பூனை தன் உடம்பை நாள் முழுக்க நக்கும் பிராணி. அதன் மேல் தடவுவது எதுவும் வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்து, மேலே சொன்ன அதே கல்லீரலுக்கு. யூகலிப்டஸ் தைலம், கிராம்புத் தைலம், டீ ட்ரீ ஆயில், எலுமிச்சைத் தோல் எண்ணெய், கற்பூரம் எல்லாமே பூனைக்கு நஞ்சு. வேப்பெண்ணெயும் நக்கும் பிராணிக்கு நல்லதல்ல. துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையைப் பூனைப் படுக்கைக்கு அடியில் வைக்கிறார்கள். அது இன்னும் மோசம். தெள்ளு அண்டாது என்று சோற்றில் பூண்டு பிசைந்து போடுவதும் நடக்கிறது. பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. தெள்ளு குடித்து மிச்சம் வைத்த ரத்தத்தையும் கெடுத்துவிடும்.

வீட்டைச் சுத்தமாக வைக்கிறேன் என்று தரையில் ஃபினாயில் ஊற்றித் துடைப்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். ஈரத்தரையில் நடந்துவிட்டு வந்து பூனை பாதத்தை நக்கும். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளும் பூனைக் கல்லீரலுக்குச் சிக்கல்தான். சோப்புத் தண்ணீர் போதும்.

நூற்றில் ஐந்து

இத்தனை செய்தும் பத்தாம் நாள் பூனை மறுபடி சொறிகிறது. “மருந்து டூப்ளிகேட்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். வீட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில் பூனை மேல் குதிக்கும் பெரிய பூச்சிகள் சுமார் 5 சதவீதம்தான். பாதி முட்டையாகவும், மூன்றில் ஒரு பங்கு புழுவாகவும், மிச்சம் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் சோபா இடுக்கிலும் கட்டிலுக்கடியில் கிடக்கும் பழைய புடவையிலும் இருக்கின்றன. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40, 50 முட்டை இடும். முட்டை ஒட்டாது, பூனை எங்கே படுத்து எழுந்தாலும் அங்கே உதிரும். கூடவே தாய்ப் பூச்சியின் எச்சமும் உதிரும், புழு பொரிந்ததும் அதைத் தின்று வளரும். இவற்றில் கூட்டுப்புழுதான் கெட்டி. தூசியை மேலே அப்பிக்கொண்டு கூட்டுக்குள் இருக்கும் அதை எந்த ஸ்ப்ரேயும் லேசில் தொடாது. மாதக்கணக்கில் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் உடைத்துக்கொண்டு வரும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுப் பூட்டிய வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் சுரீர் சுரீர் என்று கடிப்பது இதனால்தான்.

ஆக, மருந்து வைத்த பிறகும் சில வாரம் புதுத் தெள்ளுகள் வந்து ஏறிச் செத்துக்கொண்டிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நாள் கெடுவுக்கு முன்னால் இன்னொரு சொட்டு வைப்பது தவறு. மூன்று மாதமாவது விடாமல், வீட்டில் உள்ள எல்லாப் பூனை நாய்க்கும் அவரவர் மருந்தை மாதம் ஒருமுறை வைத்துவந்தால் வரிசை அறுந்துபோகும். கூடவே கூட்டிப் பெருக்குவது, சோபா இடுக்கில் வேக்குவம் கிளீனர் போடுவது, விரிப்புகளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அலசுவது. நம் ஊருக்கு ஓர் அனுகூலமும் உண்டு. தெள்ளுப் புழுவுக்கு ஈரப்பதம் வேண்டும், இருட்டு வேண்டும். மெத்தையையும் பாயையும் பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் நாள் முழுக்கக் காயப்போட்டால் புழு தாங்காது. ஐப்பசி மழையில் இது நடக்காது. தெள்ளும் அப்போதுதான் பெருகும்.

அதற்காக ஆண்டு முழுக்க, தெள்ளே இல்லாத பூனைக்கும் மாதாமாதம் சொட்டு வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இங்கிலாந்தில் 20 ஆறுகளில் எடுத்த தண்ணீரை ஆராய்ந்து சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் வெளியிட்ட கட்டுரையில், கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் ஃபிப்ரோனில் இருந்தது. வயலில் தெளிக்க அங்கே தடை. நாய் பூனைகளைக் குளிப்பாட்டிய தண்ணீர் வழியாக வந்திருக்கலாம் என்று கருதினார்கள். நாலாவது மாடியை விட்டு இறங்காத பூனைக்கு வாரம் ஒருமுறை பேன்சீப்பு போட்டுப் பார்த்தால் போதும். தோட்டம், தெரு என்று சுற்றும் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது.

தெள்ளு போனபின் பூனையின் வாலடியில் அரிசி அளவில் வெள்ளையாக ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. சொறியும்போது தெள்ளை விழுங்குவதால் வருவது. அதற்குத் தனி மாத்திரை, பிராசிகுவான்டெல். தெள்ளின் எச்சம் படிந்த நகத்தால் பிறாண்டினால் மனிதருக்கு நெறிகட்டி, காய்ச்சல் வரலாம். அதற்குப் பார்டோனெல்லா என்ற பாக்டீரியா காரணம். பிறாண்டிய இடத்தை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். தெருப் பூனை என்றால் ரேபிஸ் தடுப்பூசிக்கும் போகவேண்டும்.

கடைசியாக, யாருக்கும் சொந்தமில்லாமல் வாசலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் பூனைகள். பிடித்துக் கழுத்தில் சொட்டு வைக்க அவை விடாது. எடை 900 கிராமைத் தாண்டிய வளர்ந்த பூனை என்று உறுதியாகத் தெரிந்தால், டாக்டரைக் கேட்டு நிட்டென்பிராம் மாத்திரையைக் கருவாட்டுத் துண்டுக்குள் மறைத்துக் கொடுக்கலாம். பலன் ஓரிரு நாள்தான் நிற்கும். அவை படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை மாற்றி, பழையதை வெயிலில் போடுவது அதைவிட நீடித்த பலன் தரும். கொஞ்சம் பழகிய பூனை என்றால் கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ ஒரு நடை கொண்டுபோய் வரலாம். மருந்து பூனைக்குத்தான் என்பதைச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.